மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்ன சீன மருத்துவர்

ஹாங்காங்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 27 வருஷமாகிறது. காய்கறிக்காரரிடம் கான்டனீஸில் பேரம் பேசுவேன், பிள்ளைகள் இங்கேயே படித்து வேலைக்கும் போய்விட்டார்கள். ஆனால் சீன மருந்துக் கடைக்குள் மட்டும் போன வருஷம் வரை நான் கால் வைத்ததில்லை. போனபோது முதல் தடவை தவறான கடைக்குப் போனேன். அதையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் அதைச் சொல்லாமல் இரண்டாவது இடத்தைப் பற்றிச் சொன்னால் அதன் அருமை புரியாது.

எனக்கு வயது 54. மாதவிடாய் நின்று மூன்று வருஷமாகிறது. ராத்திரி 2 மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து விழிப்பு வரும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். எழுந்து உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து வைத்தால் பத்து நிமிஷத்தில் அடங்கும். மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள், ஒரு நாள் முழுக்க உடம்பில் ஹோல்டர் கருவியைக் கட்டிவிட்டும் பார்த்தார்கள். துடிப்பில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 4.2 என்று வந்தது. இங்கே மில்லிமோல் கணக்கு. நம் ஊர்க் கணக்கில் 160-ஐத் தாண்டும். பிரஷருக்கு ஏற்கெனவே அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். மூன்று நான்கு மாதம் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் பாருங்கள், குறையாவிட்டால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதுகிறேன் என்றார் டாக்டர்.

மாதவிடாய் இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் ரத்தக் குழாய்களை இளக்கமாக வைத்திருக்கும், கெட்ட கொழுப்பைக் கல்லீரல் இழுத்துக்கொள்ளவும் உதவும். அது வற்றியதும் எல்டிஎல் ஏறும், குழாய்கள் விறைக்கும். இதை அந்த டாக்டர்தான் படம் போட்டு விளக்கினார். எனக்கு அப்போது உம்மா ஞாபகம்தான் வந்தது. உம்மாவுக்கு 61 வயதில் மாரடைப்பு வந்தபோது வலி நெஞ்சில் வரவில்லை. தாடையிலும் முதுகிலும் வந்தது, கூடவே மூச்சு வாங்கியது. வாய்வு என்று நினைத்துப் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தோம். அன்று இரவே மவுத்தாகிவிட்டார். பெண்களுக்கு இப்படியும் வரும் என்று காயல்பட்டினத்தில் அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் இதயம் என்ற பேச்சு வந்தால் நான் ஒன்றையும் விட்டுவைக்க விரும்பவில்லை. எங்கள் கட்டடத்துப் பக்கத்து வீட்டு அம்மா, 'தான் சாம்' சாப்பிடு, எங்கள் வயசுக்காரிகள் எல்லோரும் அதைத்தான் சாப்பிடுகிறோம் என்றார்கள்.

தான் சாம் என்பது ஒரு வேர். வெளித்தோல் செங்கல் நிறத்தில் இருக்கும். மாண்டரினில் தான்ஷென் என்பார்கள். 'ரத்தத்தை ஓட வைக்கும்' மருந்துகளில் சீனர்கள் முதலில் நினைப்பது இதைத்தான். தான் சாம் ஒன்றே நான்கு சரக்கு சேர்ந்த கஷாயத்துக்குச் சமம் என்று அவர்களிடம் பழமொழியே இருக்கிறது.

முதலில் போனது மாத்திரைகள், தைலங்கள் எல்லாம் அடுக்கிவைத்து விற்கிற ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். இதயத்துக்கு, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு என்று சொன்னதும் விற்பனைப் பெண் இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தாள். இரண்டு வாங்கினால் விலை குறைவு. மருந்தில் குற்றமில்லை, முறையாகப் பதிவான மருந்து, பெட்டியில் எச்கேசி என்று தொடங்கும் பதிவு எண்கூட இருந்தது. ஆனால் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், யாருக்காக வாங்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கத் தெரியாமல் வாங்கி வந்தேன்.

ஒன்றை எனக்கு வைத்துக்கொண்டு மற்றதை எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்குக் கொடுத்தேன். என்னைவிட எட்டு வயது இளையவள், என்னை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போய், உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின். 'இதயத்துக்கு நல்லதாம், நீயும் சாப்பிடு புள்ளை' என்று என் கையால் கொடுத்தேன்.

பத்தாவது நாள் அவளுக்குப் பல் தேய்க்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை. தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகக் கன்றியிருந்தது, எங்கேயும் இடித்துக்கொண்ட ஞாபகமில்லை. மருத்துவமனையில் பார்த்தால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு, 3-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது, 6-ஐத் தாண்டியிருந்தது. வார்டுக்கு வந்த மருந்தாளுநர் முதலில் கேட்டதே, சீன மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா, தான் சாம் இருந்ததா என்பதுதான். வார்ஃபரினோடு தான் சாம் சேர்ந்தால் ரத்தக் கசிவு வரும் என்று இந்த ஊர் மருத்துவர்கள் 1990-களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதிவைத்திருக்கிறார்களாம். ஊரே அறிந்த விஷயம், பாட்டிலை விற்ற இடத்தில் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். அந்த மூன்று இரவும் நான் தூங்கவில்லை.

இதற்கப்புறம் சீன மருந்தே வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவளே தான் என்னைக் கிளப்பினாள். 'நம்ம ஊர்ல வைத்தியர்கிட்ட கேட்காம நாமளா நாட்டு மருந்து வாங்கித் தின்போமா லாத்தா? இங்கேயும் வைத்தியர்கிட்ட போங்க, நானும் வர்றேன்' என்றாள். நியாயமாகப் பட்டது.

ஹாங்காங்கில் சீன மருத்துவத்துக்கென்று 1999-லேயே தனிச் சட்டம் போட்டு, மருத்துவர்களைப் பதிவு செய்ய ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள். பதிவுபெற்ற மருத்துவர்கள் யார் யார் என்று அந்த மன்றத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டே பார்க்கலாம். பக்கத்து வீட்டு அம்மா சொன்ன பெயரை அப்படிச் சரிபார்த்துக்கொண்டுதான் போனோம். ஷியுங் வானில், கோ ஷிங் தெருவுக்குப் பக்கத்துச் சந்து. டிங் டிங் ட்ராமில் போய் இறங்கினால் தே வூ சாலை மேற்கு முழுக்கக் கருவாட்டு வாசனை; உலர்ந்த மீன், கணவாய், சிப்பி என்று கடைகடையாகக் குவித்திருப்பார்கள். எனக்கு அது ஊர் வாசனை. அதைத் தாண்டிக் கோ ஷிங் தெருப் பக்கம் திரும்பினதும் காற்றே மாறி மூலிகை மணக்கும். மருத்துவர் தன் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்றார், அதனால் போடவில்லை. வயதில் எனக்கு மூத்த பெண்மணி. முன்னால் மருந்துக் கடை, உள்ளே ஒரு மேசையும் மூன்று நாற்காலியும்.

உட்கார்ந்ததும் அவர் கேட்டது, மாத்திரைப் பை கொண்டுவந்தீர்களா என்று. பேசச் சொல்லவில்லை, நாடி பார்க்கவில்லை. பையை மேசையில் கொட்டச் சொல்லி ஒவ்வொரு அட்டையாக எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்து, பெயரையும் அளவையும் கைப்பட எழுதிக்கொண்டார். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை வாங்கிப் படித்தார். அப்புறம்தான் சின்னத் தலையணை ஒன்றைக் கைக்கு அடியில் வைத்து நாடி பார்த்தார். இடது கை, வலது கை இரண்டிலும் மூன்று விரல். நம் வைத்தியர்களும் மூன்று விரல்தான் வைப்பார்கள், வாதம் பித்தம் கபம் என்று. இவர்கள் இடது மணிக்கட்டில் இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்று படிக்கிறார்கள். நாக்கை நீட்டச் சொன்னார். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, உள்ளங்கை சுடுகிறதா, வாய் காய்கிறதா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று இருபது கேள்வி இருக்கும். பெண்ணின் வாழ்க்கையை ஏழு ஏழு வருஷமாகக் கணக்கிடுவது சீன வழக்கம். 14-ல் வரும் மாதவிடாய் 49-ல் வற்றும், அதோடு சிறுநீரகத்தின் குளிர்ச்சியும் குறைந்து, இதயத்தின் சூடு தணிக்க ஆளில்லாமல் மேலே ஏறும் என்று விளக்கினார். என் ராத்திரி 2 மணியை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அதே மூச்சில், 'எல்டிஎல் என்பது அந்த டாக்டர் பார்க்க வேண்டியது. நான் தூக்கத்தையும் படபடப்பையும் பார்க்கிறேன். அவர் ஸ்டாட்டின் கொடுத்தால் மறுக்காமல் சாப்பிடுங்கள்' என்றார்.

நான் முஸ்லிம், மருந்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வழக்கமாகச் சேர்க்கிற கழுதைத்தோல் பசை வேண்டாம். இதயக் குழாய் அடைப்புக்கான சில மருந்துகளில் பூரானும் தேளும் அட்டையும் சேர்ப்பார்கள், அதுவும் வேண்டாம். கேப்சூலின் கூடு பன்றி ஜெலட்டினாக இருக்கலாம், அதனால் வேராகவே வாங்கிக் காய்ச்சுங்கள். நான் கேட்கத் தெரியாத ஒன்றையும் அவரே சொன்னார்: தான் சாமை மதுவில் ஊறவைத்து வறுத்தும் விற்பார்கள், உங்களுக்கு வறுக்காத பச்சை வேர் என்று சீட்டில் குறித்திருக்கிறேன், கடையில் மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். இந்த அக்கறைக்கு என்ன விலை கொடுப்பது.

இன்னொன்றையும் சீட்டிலிருந்து அடித்தார். சீனக் கஷாயங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அதிமதுரம் போடுவார்கள், மற்றச் சரக்குகளைச் சேர்த்துப் பிடிக்க. நம் நாட்டு மருந்துக் கடை அதிமதுரத்துக்கு நெருங்கிய உறவான வேர், அதே இனிப்பு. அது நிறையச் சேர்ந்தால் பிரஷர் ஏறும், ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். எனக்குப் பிரஷர் இருப்பதால் வேண்டாம் என்று கோடு போட்டார். தொண்டை கரகரத்தால் ஒரு துண்டு அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம். பிரஷர்காரர்கள் தினமும் செய்யக் கூடாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சீட்டில் முக்கியமானவை இரண்டு: தான் சாம், கொட் கான். இரண்டாவது ஒரு கொடியின் கிழங்கு. சோயாவில் இருக்கிற மாதிரி ஐசோஃப்ளேவோன்கள் இதிலும் உண்டு, ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சம் போலச் செய்கிற தாவரப் பொருள். இந்த இரண்டையும் சேர்த்து ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். மாதவிடாய் நின்று, கொலஸ்ட்ரால் ஏறத் தொடங்கிய பெண்களுக்கு ஒரு வருஷம் கொடுத்து, கழுத்து ரத்தக் குழாய்ச் சுவரின் தடிப்பை அளந்தார்கள். வெற்று மாத்திரை வாங்கிய பெண்களோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். கிடைத்த மாற்றம் சின்னதுதான். ஸ்டாட்டின் இறக்குகிற அளவுக்குக் கொலஸ்ட்ரால் இறங்காது. மருத்துவரும் அப்படித்தான் சொன்னார், கூட்டிச் சொல்லவில்லை.

பிறகு என் தோழியின் முறை. அவளும் பையைக் கொட்டினாள். வார்ஃபரின் அட்டையைக் கையில் எடுத்ததும் மருத்துவர் பேனாவை மூடிவைத்துவிட்டார். 'உங்களுக்கு நான் எதுவும் தர மாட்டேன். நாடிகூட வேண்டாம், காசும் வேண்டாம்.' சும்மா அனுப்பவில்லை. ஒரு சின்ன அட்டையில் சீனத்தில் நான்கு வரி எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார்: இவர் வார்ஃபரின் சாப்பிடுகிறவர், தான் சாம், தோங் குவாய் சேர்ந்த எதையும் கொடுக்காதீர்கள். தோங் குவாய் என்பது இங்கே பெண்களுக்கு வைக்கும் சூப்பில் எல்லாம் போடுகிற வேர். மருந்துக் கடை என்றில்லை, சிநேகிதி வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் வரும். 'சூப் குடிப்பதற்கு முன்னாலும் இதைக் காட்டு' என்றார். அவள் அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பஸ், ரயிலுக்குக் காசு கட்டும் ஆக்டோபஸ் அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

முன்பக்கக் கடையில் சரக்கு நிறுப்பதைப் பார்ப்பதற்கே போகலாம். சுவர் முழுக்க மரப்பெட்டி அலமாரி, நூறு பிள்ளை அலமாரி என்று பெயர். இழுப்பறைகளில் பெயர் எழுதாதவைதான் அதிகம், பெரியவர் கை தானாகப் போய் எடுக்கிறது. கையில் பிடிக்கும் சின்னத் தராசு, ஒற்றைத் தட்டு, கோலில் புள்ளி புள்ளியாக அளவு. ஒரு 'சின்' என்றால் நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து நாளைக்கு ஐந்து வெள்ளைத்தாள்களை விரித்து, ஒவ்வொரு சரக்கையும் ஐந்து பங்காகப் பிரித்துப் போட்டார். தான் சாம் விழுந்த இடத்தில் தாளில் செம்மண் தூள் மாதிரிக் கறை. கட்டி முடித்ததும் சீட்டோடு ஒத்துப் பார்த்து இரண்டாவது ஆள் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு உப்புப் பிளம் பழம், கசப்புக்கு.

காய்ச்சுவது பெரிய வேலை, அதை மறைக்கக் கூடாது. மண்சட்டிதான், அலுமினியம் இரும்பு கூடாது. அரைமணி நேரம் ஊறவைத்து, நாலு கிண்ணத் தண்ணீர் ஒரு கிண்ணமாகச் சுண்டும்வரை சின்னத் தீ. ஒன்றேகால் மணி நேரம் ஆகும், பக்கத்திலேயே நிற்க வேண்டும். முதல் வாரம் ஒருநாள் போன் பேசிக்கொண்டே விட்டுவிட்டேன், சட்டி அடிபிடித்துப் பொட்டலம் வீணானது. வீடு முழுக்க ஈரமண் மாதிரி ஒரு மணம், மகன் ஜன்னலெல்லாம் திறந்துவிட்டான். நிறம் காவிச் சிவப்பு. ருசி முதலில் கசப்பு, கடைசியில் நாக்கில் லேசான மாவுத்தனம். ஆங்கில மருந்துக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கடையிலேயே காய்ச்சிப் பையில் அடைத்தும் தருகிறார்கள், கூடுதல் காசு.

நோன்பு மாதம் வந்தது. மாதவிடாய் நின்ற பிறகு இடைவெளி இல்லாமல் முப்பது நோன்பும் பிடிக்கிற பாக்கியம் நமக்குக் கிடைக்கிறது. அதை விட எனக்கு மனமில்லை. போய்க் கேட்டேன். நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருவேளை மட்டும், சஹருக்கு வேண்டாம், தலை சுற்றினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு வீட்டில் பிரஷர் பாருங்கள் என்று சரக்கின் அளவையும் குறைத்து எழுதினார்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆலோசனை 250 ஹாங்காங் டாலர், பொட்டலம் ஒன்று 85 டாலர், வாரம் ஐந்து. முதல் இரண்டு மாதத்தில் வாராவாரம் போனதில் கையைக் கடித்தது. அரசு உதவியோடு 18 மாவட்டங்களிலும் சீன மருத்துவ நிலையங்கள் இருக்கின்றன, அங்கே செலவு இதைவிடக் குறைவு. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நான் போகிற மருத்துவரிடம் குறை என்றால் காத்திருப்புதான். நேரம் சொல்லியும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், காத்திருப்பவர்களுக்கு நாலே நாற்காலி. சீட்டு முழுக்கச் சீனத்தில் இருக்கும், ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். என் டாக்டரிடம் காட்ட அது கட்டாயம் வேண்டும். அவர் அதைக் கோப்பில் சேர்த்து, கல்லீரல் பரிசோதனையும் கூடவே எழுதினார்.

பலன்? மூன்றாவது வாரத்திலிருந்து ராத்திரி விழிப்பு வாரத்துக்கு ஐந்து நாள் என்பது ஒன்றிரண்டு நாளாகக் குறைந்தது. படபடப்பு வந்தாலும் சீக்கிரம் அடங்குகிறது. நாலு மாதம் கழித்து எல்டிஎல் 3.8. அதில் கஷாயம் எவ்வளவு, தினமும் கடற்கரையோரம் நான் நடந்த நாற்பது நிமிஷம் எவ்வளவு, பொரித்த ரொட்டியை நிறுத்தியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. டாக்டருக்கு அது போதவில்லை, உம்மாவின் கதையும் அவருக்குத் தெரியும். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எழுதினார். சீட்டைக் கொண்டுபோய் ஷியுங் வானில் காட்டினேன். 'நல்ல முடிவு' என்றார் மருத்துவர். முதல் ஒரு மாதம் கஷாயத்தை நிறுத்திவைத்தார், இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் உடம்பு வலித்தால் எதனால் என்று தெரியாது என்பதற்காக. அடுத்த பரிசோதனையில் 2.4. இப்போது மாதத்துக்கு ஒருமுறை போகிறேன், தூக்கத்துக்கு மட்டும் வாரம் இரண்டு பொட்டலம்.

போகிறவர்கள் காலை 10 மணிக்கே போய்விடுங்கள். மாத்திரைகளை அட்டையோடு எடுத்துக்கொண்டு போங்கள். வெள்ளை மாத்திரை, சின்ன மாத்திரை என்று வாயால் சொன்னால் அவர் திருப்பி அனுப்பிவிடுவார், முந்தின வாரம் என் கண்முன்னால் ஒரு அம்மாவை அனுப்பினார். என் தோழியும் ஒவ்வொரு தடவையும் கூட வருகிறாள். அவளுக்கு அங்கே மருந்து கிடையாது, ஆனால் மருத்துவர் அவளைப் பார்த்ததும் முதலில் கேட்பது இந்த மாத ஐஎன்ஆர் எவ்வளவு என்றுதான். போன தடவை 2.9. கடைப் பெரியவர் என் பொட்டலத்தைக் கட்டும்போது அவள் கையிலும் இரண்டு உப்புப் பிளம் வைத்தார்.